மான் சீசன்ல காட்டுக்குள்ள போறீங்களா? ஆரஞ்சு போடுறது எப்படின்னு சொல்றேன்

நான் இருக்கறது அமெரிக்கால மிச்சிகன். இங்க நவம்பர் 15-ன்னா நம்மூரு தீபாவளி மாதிரி, வடக்குப் பக்கம் சில ஸ்கூலுக்கு அன்னிக்கு லீவே விட்டுடுவாங்க, ஆபீஸ்ல பாதி சீட் காலியா கிடக்கும், கேஸ் ஸ்டேஷன்ல விடியக்காலை நாலு மணிக்கு காபி வாங்க வரிசை நிக்கும், வரிசைல நிக்கற எல்லாரும் பளிச்சுனு ஆரஞ்சு நிற உடுப்பு, இன்னொரு வேட்டைக்காரன் மான்னு நினைச்சு சுட்டுடக் கூடாதுன்னு. துப்பாக்கில மான் அடிக்கற சீசன் அன்னிக்கு ஆரம்பிச்சு 30-ம் தேதி முடியும். ஊர்ல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் வேட்டைங்கற பேச்சே கிடையாதுங்கறதால நம்மாளுங்க இங்க வந்துதான் முதல் தடவை லைசென்ஸ், கோர்ஸ், துப்பாக்கின்னு எல்லாத்தையும் பாக்கறோம். நான் ஆறு சீசனா போறேன், ரெண்டு மான்தான் அடிச்சிருக்கேன், அதனால மான் அடிக்கறது எப்படின்னு என்கிட்ட கேக்காதீங்க. உயிரோட வீட்டுக்கு வர்றது எப்படின்னு கேட்டா சொல்லுவேன்.

புதுசா வர்றவங்க எல்லாரும் என்கிட்ட கேக்கற கேள்வி ஒண்ணுதான். "இவ்ளோ பளிச்சுனு ஆரஞ்சு போட்டுட்டு போனா மான் பாத்துட்டு ஓடிடாதா?" ஓடாது. போடுங்க. சட்டம் கேட்டாலும் போடுங்க கேக்கலைனாலும் போடுங்க. ஏன்னு முதல்ல சொல்லிடறேன், அது புரிஞ்சா எப்படிப் போடணும்ங்கறது பாதி தானாவே புரிஞ்சிடும்.

நம்ம கண்ணுல நிறம் பாக்கற கோன் செல் மூணு வகை இருக்கு, மானுக்கு ரெண்டுதான். 1992-ல ஜார்ஜியா யுனிவர்சிட்டில வெள்ளைவால் மானோட கண்ணை நேரடியா அளந்து பாத்தாங்க, ஒரு கோன் நீலப்பக்கம் 450-460 நானோமீட்டர் (ஒளியோட அலைநீளம்) கிட்ட வேலை செய்யுது, இன்னொண்ணு 537-கிட்ட, அதாவது மஞ்சள் கலந்த பச்சைப் பக்கம். பிளேஸ் ஆரஞ்சு, அதாவது வேட்டைக்காரங்க போடற இந்த பளிச் ஆரஞ்சு, வர்றது 600-க்குப் பக்கத்துல. அங்க மானோட கண்ணு கிட்டத்தட்ட தூங்கிட்டு இருக்கு. அதுக்கு உங்க ஆரஞ்சு ஜாக்கெட் ஏதோ மங்கலான பழுப்பு, சாம்பல் மாதிரிதான் தெரியும், காஞ்ச இலை மாதிரின்னு வச்சுக்கோங்க. ஆனா கை ஆட்டினா பாத்துடும், காத்து அடிச்சு உங்க வாசனை போச்சுன்னா உங்களைப் பாக்கறதுக்கு முன்னாடியே போயிடும், தொண்டை கமறினா சொல்லவே வேணாம். என்கூட முதல் வருஷம் வந்த நண்பர் ஒருத்தர் 200 டாலர் குடுத்து கேமோ ஜாக்கெட் (இலை, கிளை டிசைன் போட்டு காட்டோட கலந்து மறையறது) வாங்கினார், வாங்கிட்டு ஸ்டாண்ட்ல, அதாவது மரத்து மேல மாட்டற இருக்கைல உக்காந்து பொரி உருண்டை கவரைப் பிரிச்சார், அந்த சத்தத்துக்கே மான் ரெண்டு ஏக்கர் தாண்டிடுச்சு, அன்னிக்கு பூரா பழி ஆரஞ்சு தொப்பி மேல!

மனுஷக் கண்ணுக்கு அப்படியே தலைகீழ். அந்த ஆரஞ்சு காட்டுல எங்கயும் கிடையாது. மேப்பிள் இலை சிவப்பா இருக்கும், ஓக் இலை துரு நிறத்துல இருக்கும், ஆனா ஃப்ளோரசன்ட் ஆரஞ்சுங்கறது வேற ஜாதி, அது கண்ணுக்குத் தெரியாத யூவி வெளிச்சத்தையும் நீல வெளிச்சத்தையும் உள்ள இழுத்து ஆரஞ்சா திருப்பி விடுது. அதனாலதான் மேகமூட்டமா இருந்தாலும் பொழுது சாயற நேரத்துலயும் தனியா தகதகன்னு நிக்கும். இதைக் கண்டுபிடிச்சது கலிபோர்னியா பெர்க்லில பாப், ஜோ ஸ்விட்சர்னு ரெண்டு அண்ணன் தம்பி, 1930-கள்ல, அப்புறம் ரெண்டாம் உலகப்போர்ல தரைல இருந்து விமானத்துக்கு சிக்னல் காட்டற துணிக்கு இதே சாயத்தைத்தான் பூசினாங்க. வேட்டைக்காரனுக்கு வந்தது அதுக்கப்புறம். விஸ்கான்சின்ல 1945-ல இருந்தே சிவப்பு போடச் சொன்னாங்க, ஆனா சிவப்பு மங்கின வெளிச்சத்துல கருப்பாயிடும், 1980-ல பிளேஸ் ஆரஞ்சுன்னு மாத்தினாங்க.

எவ்ளோ போடணும்

இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், சதுர அங்குலக் கணக்குல சொல்லுவாங்க, படிச்சா தலை சுத்தும். நான் ஏ4 பேப்பர்ல கணக்கு போட்டு வச்சிருக்கேன். ஒரு ஏ4 ஷீட்டு சுமாரா 97 சதுர அங்குலம். பென்சில்வேனியால 250, அதாவது தலை, நெஞ்சு, முதுகு எல்லாம் சேத்து ரெண்டரை ஷீட்டுக்குக் கொஞ்சம் மேல, அதுவும் 360 டிகிரியும் தெரியணும். கொலராடோல 500, அஞ்சு ஷீட்டுக்கு மேல போகும், கூட தலைலயும் போட்டாகணும், கேமோ டிசைன் போட்ட ஆரஞ்சு அங்க கணக்குலயே வராது. கனடால ஒன்டாரியோ பக்கம் 400, தொப்பி தனி. மேயின்ல ரெண்டு உருப்படி வேணும், ஒண்ணு தொப்பி, இன்னொண்ணு உடம்புல. விஸ்கான்சின்ல இடுப்புக்கு மேல போடற வெளித்துணில பாதியாவது ஆரஞ்சா இருக்கணும், தொப்பி போட்டா அதுலயும் பாதி. எங்க மிச்சிகன்ல தொப்பி, வெஸ்ட், ஜாக்கெட், மழைக்கோட்டு இதுல ஏதாவது ஒண்ணு எல்லாப் பக்கமும் தெரியற மாதிரி இருந்தா சட்டத்துக்குப் போதும், கேமோ ஆரஞ்சும் பாதிக்கு மேல ஆரஞ்சா இருந்தா ஓகே.

வெறும் தொப்பி மட்டும் போட்டாலும் மிச்சிகன்ல சட்டப்படி சரிதான். எனக்கு அது பத்தாது. குனிஞ்சா தொப்பி தெரியாது, மரத்துக்குப் பின்னாடி நின்னா தொப்பி தெரியாது. நான் தொப்பியும் வெஸ்ட்டும் ரெண்டும் போடறேன், கொலராடோக்காரன் கணக்குக்கு வர்ற மாதிரி. கேமோ ஆரஞ்சு எனக்குப் பிடிக்காது, கருப்பு கிளை டிசைன் ஆரஞ்சைத் துண்டு துண்டா வெட்டிடுது, தூரத்துல பாத்தா ஆள் உருவம் உடைஞ்சு போகுது, அந்த உருவம் தெரியணும்னுதானே போடறோம்.

நியூ ஹாம்ப்ஷயர், அலாஸ்கா மாதிரி இடத்துல கட்டாயம் இல்ல, போட்டா நல்லதுன்னு சொல்றதோட சரி. நியூயார்க்ல பெரியவங்களுக்குக் கட்டாயம் ஆனதே 2021-லதான். அப்புறம் பிங்க்: 2016-ல விஸ்கான்சின்தான் முதல்ல ஃப்ளோரசன்ட் பிங்க்கும் செல்லும்னாங்க, கொலராடோ, நியூயார்க்னு வேற சில இடத்துலயும் செல்லும், எல்லா இடத்துலயும் செல்லாது. வாங்கறதுக்கு முன்னாடி உங்க மாநிலத்தோட அந்த வருஷ ரூல் புக்கை ஒரு தடவை பாத்துடுங்க, போன வருஷ புக்கை இல்ல.

வாங்கறப்ப

சாதா வெஸ்ட் 10-20 டாலருக்குள்ள கிடைக்கும், அதுக்கு மேல குடுக்கத் தேவையில்ல, ஆனா துணியைக் கையில எடுத்து கசக்கிப் பாருங்க. பிளாஸ்டிக் மாதிரி இருக்கறது குளிர்ல மொறமொறன்னு அப்பளம் மாதிரி சத்தம் போடும், மானுக்கு அதுதான் எதிரி, நிறம் இல்ல. ஃப்ளீஸ் மாதிரி மெத்துனு இருக்கறதா எடுங்க. ஒரு சைஸ் பெரிசா எடுங்க, ஏன்னா கடைல டி-ஷர்ட் மேல போட்டுப் பாப்பீங்க, காட்டுல மூணு லேயருக்கு மேல ஏத்தணும், எல்லாத்துக்கும் மேல இருந்தாத்தான் அது ஆரஞ்சு, உள்ள போட்டா பனியன்.

ரோடு வேலை பாக்கறவங்க போடற மஞ்சள்-பச்சை வெஸ்ட் வேணாம். நவம்பர் காட்டுல மஞ்சள் இலை இருக்கு, அதுவும் போக அந்த நிறம்தான் மானோட கண்ணு நல்லா வேலை செய்யற 537 பக்கம் வருது, அதாவது மனுஷனுக்கு மறைச்சு மானுக்குக் காட்டற வேலை. சட்டப்படியும் அது ஆரஞ்சுக்கு ஈடு கிடையாது.

போடறப்ப நடக்கற தப்பு

பெரிய தப்பு பேக்பேக். வெஸ்ட் போட்டுட்டு அதுக்கு மேல பழுப்பு நிற பையை மாட்டிட்டா பின்னாடி இருந்து பாக்கறவனுக்கு நடந்து போற ஒரு பழுப்பு உருண்டைதான் தெரியும், முதுகுல இருக்கற ஆரஞ்சு பூரா போச்சு. பைக்கு மேல ஒரு ஆரஞ்சு கவர் போடுங்க, இல்ல ரெண்டாவது வெஸ்ட்டை பை மேல மாட்டுங்க, நான் அப்படித்தான் பண்றேன், பாக்க கல்யாண வீட்டு கேஸ் சிலிண்டர் மாதிரி இருக்கும், பரவாயில்ல.

ரெண்டாவது, நடந்து நடந்து வேர்த்துப்போய் ஜாக்கெட்டைக் கழட்டி இடுப்புல கட்டிக்கறது. ஜாக்கெட்ல மட்டும் ஆரஞ்சு இருந்தா அந்த நிமிஷம் நீங்க மறைஞ்சாச்சு. வெஸ்ட் தனியா இருந்தா ஜாக்கெட்டைக் கழட்டிட்டு வெஸ்ட்டைத் திரும்ப மாட்டிக்கலாம்.

மூணாவது பிளைண்ட். துணிக் கூடாரத்துக்குள்ள உக்காந்துட்டா நீங்க என்ன போட்டிருந்தாலும் வெளிய ஒண்ணும் தெரியாது. விஸ்கான்சின்ல அரசு நிலத்துல பிளைண்ட் போட்டா துப்பாக்கி சீசன்ல வெளிய எல்லாப் பக்கமும் தெரியற மாதிரி 144 சதுர அங்குலம், ஒன்றரை ஏ4, ஆரஞ்சு காட்டியாகணும். மிச்சிகன்லயும் நான் ஒரு பழைய வெஸ்ட்டை வெட்டி நாலு பக்கமும் தொங்க விட்டுடறேன்.

அடிச்ச மானை இழுத்துட்டு வர்றப்போ கொம்புலயும் உடம்புலயும் ஆரஞ்சு ரிப்பன் கட்டுங்க. அந்த நேரத்துல நீங்க குனிஞ்சு, மூச்சு வாங்கி, மான் தோலோட ஒட்டி நகர்ந்துட்டு இருப்பீங்க, தூரத்துல இருந்து பாத்தா மான் நகர்ற மாதிரியேதான் இருக்கும். முதல் மானை இழுத்தப்ப எனக்கு இது யாரும் சொல்லித் தரல, காருக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆச்சு, நல்லவேளை.

அப்புறம் ராத்திரி. இங்க சூரியன் உதிக்க அரை மணி முன்னாடியே சுடலாம், மறைஞ்சு அரை மணி வரைக்கும் சுடலாம், நீங்க ஸ்டாண்டுக்கு நடந்து போறதே இருட்டுல. வெளிச்சமே இல்லைனா ஃப்ளோரசன்ட் ஒண்ணும் பண்ணாது, வாங்கித் திருப்பி விட அதுக்கு ஒண்ணும் இல்லையே. ஹெட்லாம்ப்பை எரிய விட்டே போங்க, மானுக்குப் பயந்து அணைக்காதீங்க.

துவைக்கறப்ப

இதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. துணியைப் பளிச்சுனு காட்ட டிடர்ஜென்ட்ல பிரைட்னர்னு ஒண்ணு சேக்கறாங்க, அது யூவியை வாங்கி நீலமா விடும். நம்ம கண்ணு லென்ஸ் யூவியைத் தடுத்துடும், மானோட கண்ணுல அந்தத் தடுப்பு இல்ல, நீலமும் அதுக்கு நல்லாத் தெரியும். ஆக ஆரஞ்சு நிறம் பிரச்சினை இல்லாம இருந்தது, நீங்க அதை நல்லாத் துவைச்சு மணக்க மணக்க மானுக்குப் பளபளன்னு காட்டிட்டீங்க. பிரைட்னர் இல்லாத, வாசனை இல்லாத சோப்பு போடுங்க. சந்தேகமா இருந்தா ஒரு சின்ன யூவி டார்ச் வாங்கி இருட்டு ரூம்ல அடிச்சுப் பாருங்க, துணி நீலமா மினுங்கினா அதுல பிரைட்னர் இருக்கு, ஆரஞ்சாவே ஒளிர்ந்தா ஓகே.

வேட்டைக்குப் போகாதவங்களுக்கு

இதைத் தனியா எழுதறேன், ஏன்னா நம்மாளுங்கள்ல முக்கால்வாசி பேர் இந்தக் கணக்குல வருவீங்க. வாட்டர்லூ, பிங்க்னி மாதிரி ரெக்ரியேஷன் ஏரியால வீக்கெண்ட் நடக்கப் போவீங்க, அந்த நிலத்துல பெரும்பகுதி வேட்டைக்கும் திறந்ததுதான், நீங்க நடக்கற அதே டிரெயிலுக்குப் பக்கத்துலயே மரத்து மேல ஒருத்தர் உக்காந்திருக்கலாம்.

போன வருஷம் என் மாமனார் காரைக்குடில இருந்து வந்திருந்தார். நவம்பர் மூணாவது வாரம், காலைல ஆறரை மணி, வீட்டுக்குப் பின்னாடி இருக்கற டிரெயில்ல வாக்கிங் கிளம்பறார். பழுப்பு மங்கி கேப், பழுப்பு ஸ்வெட்டர், கழுத்துல வெள்ளைத் துண்டு. நான் காபி டம்ளரோட ஓடினேன். மேல பழுப்பு, நடுவுல ஆடற வெள்ளை, வெள்ளைவால் மானைப் படம் வரையச் சொன்னா இப்படித்தான் வரைவாங்க. ஆரஞ்சு வெஸ்ட்டை மாட்டி விட்டதும் அவர், "என்னங்க மாப்ளே, என்னை ரோடு போடற வேலைக்கு அனுப்பறீங்களா?"ன்னார். நான் அவருக்கு மேயின் கதையைச் சொன்னேன்.

1988 நவம்பர் 15, மேயின்ல ஹெர்மன்னு ஒரு ஊரு. கைக்குழந்தையா ரெட்டைப் பெண் பிள்ளைங்க வச்சிருந்த ஒரு அம்மா வீட்டுக்குப் பின்னாடி, தன்னோட இடத்துல நின்னாங்க, கையில வெள்ளை கிளவுஸ். வெள்ளைவால் மானைப் பாத்தேன்னு நினைச்சு ஒருத்தர் சுட்டார், அவங்க செத்துட்டாங்க. கேஸ் நடந்து 1990-ல அவர் குற்றவாளி இல்லைனு ஜூரி விட்டுடுச்சு. ஊர்ல பேச்சு என்ன தெரியுமா, சீசன்ல ஏன் வெள்ளை போட்டாங்க, ஏன் ஆரஞ்சு போடலன்னு. சொந்த வீட்டுக் கொல்லையில நிக்கறவங்களைப் பாத்து! எனக்கு அதைப் படிச்சப்ப வந்த கோபம் இன்னும் போகல. அப்புறம் மேயின்ல சட்டமே போட்டாங்க, மிருகத்தோட தலையும் உடம்பும் மறைப்பில்லாமத் தெரிஞ்சு, இதுதான் நான் தேடற மிருகம்னு உறுதியான பிறகுதான் சுடணும்னு. நான் ஆரஞ்சு போடுங்கன்னு கத்தறேன், ஆனா போடாதவன் செத்தா அது அவன் தப்புன்னு எவனாவது சொன்னா அவன்கூட நான் காட்டுக்குப் போக மாட்டேன்.

மாமனார் ஒண்ணும் பேசல. வெஸ்ட் ஜிப்பை மேல வரைக்கும் இழுத்துட்டார், துண்டைக் கழட்டி என் கையில குடுத்தார்.

அதனால நவம்பர், டிசம்பர்ல நடக்கப் போனா பழுப்பு, சாம்பல், வெள்ளை மூணையும் தவிர்த்துடுங்க, வெள்ளை கைக்குட்டை உட்பட. டிசம்பர்லயும் மஸில்லோடர் (குழல் வாய் வழியா மருந்து கெட்டிக்கற துப்பாக்கி) சீசன், லேட் சீசன் எல்லாம் இருக்கு, 30-ம் தேதியோட முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. நாய்க்கும் ஒரு ஆரஞ்சு வெஸ்ட் கிடைக்கும், பழுப்பு நிற நாயா இருந்தா கட்டாயம் போடுங்க. குழந்தையை முதுகுப் பையில தூக்கிட்டுப் போனா குழந்தை தொப்பி ஆரஞ்சா இருக்கட்டும். இந்த நடைக்கு ஹார்டுவேர் கடை ஆரஞ்சு வெஸ்ட்டே போதும். யாராவது வேட்டைக்காரர் மரத்து மேல இருக்கறதைப் பாத்தா கையை ஆட்டாதீங்க, நல்லா உரக்க மனுஷக் குரல்ல ஒரு "குட் மார்னிங்" சொல்லிட்டு வழியைப் பாத்துப் போங்க. அவர் முறைப்பார், முறைச்சுட்டுப் போகட்டும்.

துப்பாக்கி கையில இருக்கறவங்களுக்கு இன்னும் ரெண்டு விஷயம்

ஆரஞ்சு தெரியலைனா அங்க ஆள் இல்லைனு அர்த்தம் இல்ல. என் மாமனார் மாதிரி ஒருத்தர் வெஸ்ட் இல்லாம நடந்துட்டு இருக்கலாம். அசையறது என்னன்னு பாக்க பைனாகுலர் வச்சுக்கோங்க, ஸ்கோப் வழியா பாக்காதீங்க, ஸ்கோப் வழியா ஒரு ஆளைப் பாக்கறீங்கன்னா துப்பாக்கியை அந்த ஆள் மேல நீட்டிட்டு இருக்கீங்கன்னுதான் பொருள். மூணு மணி நேரம் குளிர்ல உக்காந்து மான் மான்னு நினைச்சுட்டே இருந்தா மூளை புதர்ல கொம்பு வரைஞ்சு காட்டும், எனக்கே நடந்திருக்கு, ஒரு மரக்கட்டையைப் பத்து நிமிஷம் எட்டு முனைக் கொம்புன்னு நம்பி உக்காந்திருந்தேன். ஐரோப்பிய வம்சாவளி ஆம்பளைங்கள்ல நூத்துக்கு எட்டு பேர் கிட்ட சிவப்பு-பச்சை நிறக்குருடு இருக்கு, அவங்க எல்லாருக்கும் உங்க ஆரஞ்சு நமக்குத் தெரியற மாதிரியே தெரியும்னு சொல்ல முடியாது. நம்மாளுங்கள்லயும் இருக்காங்க, உங்களுக்கு இருக்கான்னு சீசனுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் எடுத்துக்கோங்க.

வான்கோழி, வாத்து விஷயம் மட்டும் வேற. பறவைங்களுக்கு நிறம் நம்மளை விட நல்லாத் தெரியும், அதனால நிறைய மாநிலத்துல அந்த வேட்டைக்கு விலக்கு குடுத்திருக்காங்க. வான்கோழிக்குப் போறப்ப சிவப்பு, வெள்ளை, நீலம் மூணும் உடம்புல எங்கயும் வேணாம், சாக்ஸ்ல கூட வேணாம், ஆண் வான்கோழி தலையில அந்த மூணு நிறமும்தான் இருக்கு, இன்னொரு வேட்டைக்காரன் அதைத்தான் தேடிட்டு இருப்பான். உக்கார்ற வரைக்கும் ஆரஞ்சு தொப்பி போட்டுட்டு நடங்க, உக்காந்ததும் கழட்டி பக்கத்து மரத்துல ஆரஞ்சு துணி ஒண்ணு கட்டுங்க, அடிச்ச பறவையைத் தூக்கிட்டு வர்றப்ப ஆரஞ்சு துணில சுத்திட்டு வாங்க.

சீசன் முடிஞ்சதும் வெஸ்ட்டை கார் பின்கண்ணாடிகிட்ட போட்டு வைக்காதீங்க, வெயில் பட்டா அந்தச் சாயம் சீக்கிரம் செத்துடும், அலமாரிக்குள்ள மடிச்சு வைங்க. அடுத்த அக்டோபர்ல வெளிய எடுத்து கடைல இருக்கற புதுசு பக்கத்துல வச்சுப் பாருங்க, வெளுத்துப்போன பீச் பழ நிறத்துல இருந்தா பிளைண்ட்ல தொங்க விட வெட்டிடுங்க, உடம்புக்குப் புதுசு வாங்குங்க.